‘வேர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழின் உடுத்தற் சொற்களும்



தோற்றுவாய்

தமிழகத்துக் கடைத்தெருவில் நடப்போர், துணிக்கடைப் பலகைகளில் ‘மென்ஸ் வேர்’, ‘கிட்ஸ் வேர்’ எனத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கக் காண்பர். மண்ணில் இறங்கும் வேருக்கும் இந்த ‘வேர்’ என்பதற்கும் தொடர்பில்லை. ‘ஹார்டுவேர்’ கடையில் இருப்பதும் வேறு. அது சரக்கு என்னும் பொருளுடைய தனிச்சொல். துணிக்கடையில் தொங்குவது, உடுத்தலைக் குறிக்கும் ஆங்கில வினையின் பெயர் வடிவம். பள்ளிச் சிறுவரும் அறிந்த இவ்வெளிய வினைதான் மொழிபெயர்ப்போர் எழுதுகோலை அடிக்கடி தயங்கவைப்பது. அதன் பொருட் பரப்பையும், அதன் எதிரே தமிழ் நிறுத்தும் சொற்களையும் ஒப்பிட்டு நோக்குவது இவ்வுரையின் நோக்கம்.

பிறப்பும் உறவும்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘வெரியன்’ என வழங்கியது. உடுத்தல் என்னும் பொருள்படும் ‘வெஸ்’ என்ற இந்தோ-ஐரோப்பிய அடியிலிருந்து இது தோன்றியது என்பர் மொழிநூலார். ஆடையைக் குறிக்கும் இலத்தீன் ‘வெஸ்டிஸ்’, வடமொழி ‘வஸ்திரம்’ ஆகியனவும் அவ்வடியிற் பிறந்தனவே. ஆகவே தமிழர் வீட்டில் ‘அங்கவஸ்திரம்’ என ஒலிக்கும் சொல், துணிக்கடைப் பலகையின் ‘வேர்’ என்பதற்குத் தூரத்து உறவாகிறது.

இவ்வுறவில் இன்னொரு சொல்லும் கருதத்தக்கது. முதலீட்டைக் குறிக்கும் ‘இன்வெஸ்ட்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ஆடை உடுத்துதல் என்பதே பொருள். பணம் என்னும் பொருளுக்கு வேறோர் உடை உடுத்திப் பெருக்குதல் என்னும் கருத்தில் அது வாணிகச் சொல்லாயிற்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழை நாட்டு வாணிகத்தை ஒட்டி இப்பொருள் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் ஏற்றுமதிக்காக இங்கு வாங்கிய சரக்கையே ‘இன்வெஸ்ட்மெண்ட்’ என்றனர். சென்னையில் அவ்வாறு வாங்கப்பட்டவற்றுள் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியே தலைமை பெற்றது. உடுத்தலிற் பிறந்த சொல், உடுக்கும் துணியை வாங்கும் கொள்முதலுக்கே பெயரானது.

உடுத்தலும் தேய்தலும்

‘வேர்’ என்னும் வினையின் தனிச்சிறப்பு, அது உடுத்தலோடு நில்லாமை. உடுக்க உடுக்கத் துணி நையும். அந்த நைவையும் ஆங்கிலர் அதே வினையாற் குறித்தனர். துணியின் தேய்வு பிறவற்றுக்கும் பரவிற்று. படிக்கட்டு தேய்வதும், உழைப்பால் மனிதன் ஓய்வதும், பொறுமை மெலிவதும், பகற்பொழுது மெல்லக் கழிவதும் இவ்வினையால் உணர்த்தப்படுகின்றன. களைப்பைக் குறிக்கும் ‘வியரி’ என்னும் சொல்லும் இதன் வழியது எனச் சிலர் மயங்குவர். அது வேறு அடியிற் பிறந்தது.

வியப்பு இதனோடும் முடியவில்லை. ஒரு துணி ‘நன்றாக வேர் ஆகும்’ என ஆங்கிலர் கூறின், அது நெடுநாள் உழைக்கும் என்பது பொருள். உடுத்தல், அழிதல், அழியாது நிற்றல் ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

கிழித்தலைக் குறிக்கும் ‘டேர்’ இதற்கு இணைபிரியாத் தோழமை. இவ்வினையின் இறந்தகால வடிவமே ‘டேர்’ முதலிய வினைகளைப் பார்த்து இடைக்காலத்தில் மாறியமைந்தது. ‘வேர் அண்ட் டேர்’ என்னும் இணைமொழி 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. வாடகைக்கு இருந்தவர், இயல்பான பயன்பாட்டால் வரும் தேய்வு நீங்கலாக, வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்கிறது அச்சட்டம். வழக்கு மன்றம் ஏறிய போதும் அச்சொல் உடுத்திய துணியின் நினைவைச் சுமந்தே நிற்கிறது.

தமிழில் ‘உடை’ என்பது ஆடையையும் குறிக்கும், உடைதலையும் குறிக்கும். ஆயின் இங்கு ஒற்றுமை ஒலியளவில் நேர்ந்ததே. ஆடையாகிய உடை ‘உடு’ என்னும் வினையின் வழியது; 788ஆம் குறளில் வள்ளுவர் ஆண்ட ‘உடுக்கை’யும் அவ்வழியதே. உடைதல் வேறு சொல். ஆங்கிலத்தில் பொருள் வளர்ந்து கிளைத்தது; தமிழில் இரு சொற்கள் ஓரொலியிற் சந்தித்தன.

ஒன்றுக்குப் பல

ஓர் ஆங்கிலக் கதையில் ஒரு பெண் பட்டுச் சேலையும், கூந்தலில் மல்லிகையும், கையில் வளையலும், நெற்றியில் பொட்டும், மெல்லிய நறுமணமும், இதழில் புன்னகையும் ‘வேர்’ செய்திருந்தாள் என வருவதாகக் கொள்வோம். ஆறு பொருளுக்கும் அங்கு ஒரே வினை போதும். தமிழ்ப் பெண் சேலை உடுத்துவாள், மல்லிகை சூடுவாள், வளையல் அணிவாள், பொட்டு இடுவாள், நறுமணம் பூசுவாள், புன்னகை பூப்பாள். அவள் அருகில் நிற்கும் ஆடவன் தாடியை ‘வேர்’ செய்வான் ஆங்கிலத்தில். தமிழில் தாடி வைத்திருப்பான்.

இப்பன்மை வெறும் அலங்காரம் அன்று. ஒவ்வொரு வினையும் உடலில் ஓரிடத்தைச் சுட்டுகிறது. சூடுதல் தலைக்கு உரியது. ஆதலால் முடி சூட்டுகிறோம், பெயர் சூட்டுகிறோம். போர்த்தல் மேலே மூடுவதைக் காட்டும். பூணுதல் விலகாதபடி பிணைவதைக் காட்டும். ஆதலால் விரதமும் துறவும் பூணப்படுகின்றன. ஆண்டாளுக்கு வழங்கும் ‘சூடிக் கொடுத்தவள்’ என்னும் பெயரில் ‘சூடி’ என்பதை எடுத்துவிட்டு ‘அணிந்து’ என வைத்தால், கூந்தலும் மாலையும் மறைந்துபோகும். வெற்றியாளர் வாகை ‘சூடினர்’ என நாளிதழ்கள் எழுதுவதும் பழைய புறத்திணை மரபின் எச்சமே.

பேச்சுத் தமிழும் இவ்வேறுபாட்டை விட்டுவிடவில்லை. தைக்காத துணியைக் ‘கட்டுவர்’. தைத்த துணியைப் ‘போடுவர்’. வேட்டி கட்டிச் சட்டை போடுவதே வழக்கு. வேட்டி போட்டுச் சட்டை கட்டுவார் இலர். பூவையும் பொட்டையும் ‘வைப்பர்’. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் இதிற் பிழை செய்வதில்லை.

இழப்பு எங்கே?

பிழை நேர்வது எழுத்தில்தான். ஆங்கிலத்தை முன்வைத்து எழுதப்படும் விளம்பரங்களிலும் அறிவிப்புகளிலும் செய்திகளிலும் ‘அணிதல்’ என்னும் ஒன்றே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. சேலை அணிந்தார், பூ அணிந்தார், செருப்பு அணிந்தார், போர்வை அணிந்தார் என வரும்போது, தமிழ்ச் சொல்லே எழுதப்படினும் அடியில் ஓடுவது ஆங்கில வினை. கடன்பெற்ற சொல் கண்ணுக்குத் தெரியும். கடன்பெற்ற பொருளமைப்புத் தெரிவதில்லை. அதனால் அதன் தீங்கு மிகுதி.

தலைக்கவசம், முகக்கவசம் போன்ற புதுப்பொருள்களுக்கு ‘அணிதல்’ தகும். பொதுவினை ஒன்று எம்மொழிக்கும் வேண்டும். பொதுவினை சிறப்புவினைகளை விழுங்குவதே கவலைக்குரியது. அகராதியில் இருந்தும் வாக்கியத்தில் வாராத சொல், மடித்துப் பெட்டியில் வைத்த பட்டு. உடுக்காமலே அதுவும் இற்றுப்போகும்.

முடிவுரை

உடுத்தற் சொற்களுள் ‘புனைதல்’ என்பதும் ஒன்று. மாலை புனைவதும் அதுவே. கவிதை புனைவதும் அதுவே. அழகுபட அணிவதற்கும் புதிதாகப் படைப்பதற்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது. ஆங்கிலம் தன் ‘வேர்’ என்னும் வினையில் உடுத்தலையும் தேய்தலையும் இணைத்தது. தமிழ் தன் புனைதலில் உடுத்தலையும் ஆக்கலையும் இணைத்தது. எது உயர்ந்தது என்பது வழக்கன்று. இரண்டும் மக்கள் வழங்கி வழங்கி வளர்த்த செல்வங்கள்.

பத்தாண்டுகளாகக் கவிதை புனைந்துவரும் இவ்வட்டத்தார், ‘அணிந்தாள்’ என எழுதுமுன் அவள் சூடினாளா, பூண்டாளா, உடுத்தாளா, போர்த்தாளா என ஒரு நொடி எண்ணுவார்களாயின், அச்சொற்கள் வாழும். சொல் வாழின் மொழி வாழும்.