மோர் மிளகாய் கற்றுத்தந்த பாடம்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வார நாட்களில் நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறுகளில் நான்கு வீடுகளுக்குப் போய்ச் சமைத்துக் கொடுக்கிறேன். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் சேராத சமையல். வீகன் என்கிறார்களே, அதுதான். இதை எப்படித் தொடங்குவது என்று பேசச் சொன்னார் நம் செயலாளர்.

1824-இல் குதிரைகளுக்காகத் தொடங்கி, பிறகு மாட்டுப் பண்ணையாக வளர்ந்த கால்நடைப் பண்ணை இருக்கும் ஊர் நம் மத்திகிரி. இங்கே பால் இல்லாத சமையலை யார் கேட்பார்கள் என்று என் மாமியாரே சிரித்தார். கேட்கிறார்கள். கொள்கைக்காக விட்டவர்கள் உண்டு, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, மாறிமாறி ஷிஃப்டு போவதால் சமைக்க நேரமில்லாதவர்களும் உண்டு.

புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ராகிக் களி, கீரை மசியல், கொள்ளு ரசம், மார்கழி தை மாதங்களில் அவரைக்கொட்டையைப் பிதுக்கி வைக்கும் குழம்பு, எல்லாமே நம் பக்கத்துச் சாப்பாடு. நெய் ஊற்றாவிட்டால் போதும். அவியலில் தயிரை விட்டுவிட்டுக் கொஞ்சம் மாங்காய் சேர்த்தால் புளிப்பு வந்துவிடும்.

அப்படித்தான் நானும் எளிதாக நினைத்தேன். இரண்டாம் மாதம் ஒரு வீட்டில் அரிசி உப்புமா செய்தேன். மோர் மிளகாயை வறுத்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே தாளித்தேன். வாசனைக்காக. அந்த வீட்டுக் குழந்தைக்குப் பால் அலர்ஜி. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகமெல்லாம் தடித்துவிட்டது. மருத்துவமனைக்கு ஓடினோம். நல்லவேளை, மாலைக்குள் சரியாகிவிட்டது.

பெயரிலேயே மோர் இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அதை மிளகாயாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. தொழிலை விட்டுவிடுகிறேன் என்று அந்தக் குழந்தையின் பாட்டியிடம் சொன்னேன். அவர், "விடாதேம்மா, இனி எழுதி வச்சுக்கிட்டு சமை" என்றார்.

அன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். தொடங்க நினைப்பவர்களுக்கு அந்த நோட்டிலிருந்து சில.

ஒன்று: முதல் நாளே கேளுங்கள், விருப்பத்துக்காகவா, அலர்ஜியா? பாலில் உள்ள சர்க்கரை செரிக்காதவர்களில் பலருக்குச் சிறிதளவு தாங்கும். பால் புரத அலர்ஜி இருப்பவர்களுக்குத் துளிகூட ஆபத்தாகலாம். அவர்களுக்குக் கரண்டி, வாணலி எல்லாம் தனி.

இரண்டு: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்கிறது, பால் இல்லை என்று சொல்லவில்லை. ரொட்டி, பிஸ்கட், சூப் பொடி எதிலும் பால் பவுடர் இருக்கலாம். வீகன் உணவுக்கென்று 2022-இல் தனி விதிகளும் முத்திரையும் வந்திருக்கின்றன. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். கோதுமை ஆகாதவர்கள் இருந்தால் அதையும் பாருங்கள்.

மூன்று: உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். வீட்டில் சமைத்து விற்பவர்களுக்கும் இது உண்டு. நான் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் பதிந்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இன்றைய விதியைத் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு: கூலியைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கணக்கு எழுதுகிற நானே முதல் மாதம் தப்புக் கணக்குப் போட்டேன். உழவர் சந்தைக்குப் போய்வந்த நேரம், பெட்ரோல், பாத்திரம் கழுவிய அரை மணி எதையும் சேர்க்கவில்லை. இப்போது மளிகை அவர்களுடையது, என் கூலி மணிக்கணக்கு. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே என் மணி ஓடத் தொடங்கிவிடும்.

ஐந்து: வைத்தியம் பேசாதீர்கள். இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போய்விடும் என்று சொல்லி விற்காதீர்கள். தாவர உணவில் மட்டும் பி12 சத்து நம்பும் அளவுக்குக் கிடைக்காது. முழுதாக மாறுகிறவர்களை மருத்துவரிடம் கேட்டு அதற்கு வழி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ருசியாகச் சமைக்கிறவர்கள் நம் மூன்று பிளாக்கிலும் என்னைவிட நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனால் இந்தத் தொழிலில் நாம் விற்பது ருசியை மட்டுமல்ல. "இதில் பால் இல்லை" என்ற ஒரு சொல்லை விற்கிறோம். அந்தச் சொல்லை நம்பித்தான் ஒரு தாய் தன் குழந்தைக்கு ஊட்டுகிறாள்.

அந்த வீட்டுக்கு இன்றும் ஞாயிறுதோறும் போகிறேன். உப்புமாவுக்குச் சாதாரணக் காய்ந்த மிளகாய்தான். குழந்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது.

தொடங்க விரும்புபவர்கள் என்னிடம் வாருங்கள், நோட்டைத் தருகிறேன்.