கையெழுத்திடுமுன் கேளுங்கள்!

(தொழிற்சங்கப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நம் முன்னோர் சொல். ஆட்குறைப்பும் ஒரு வெள்ளமே. அது முன்னறிவிப்பின்றி வருவதில்லை. கூடுதல் நேர வேலை குறைகிறது. ஓய்வு பெற்றோரின் இடங்கள் நிரப்பப்படாமற் கிடக்கின்றன. நிரந்தரத் தொழிலாளி செய்துவந்த வேலை ஒப்பந்தக்காரர் கைக்கு மாறுகிறது. ஓர் இயந்திரம் இரவோடு இரவாக வேறு ஆலைக்குப் புறப்படுகிறது. இத்தனையும் கண்டும், "என் தலை தப்பும்" என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எண்ணி வாளாவிருக்கும் நாட்கள் எவையோ, அவையே நிருவாகத்துக்கு வாய்ப்பான நாட்கள்.

உங்களிடம் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்குச் சட்டம் சில காப்புகளை வழங்கியிருக்கிறது. தானே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தவருக்கோ அக்காப்புகள் இல்லை. விருப்ப ஓய்வு சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பு ஆகாது. ஆகவேதான், பலர் அறியக் கதவடைப்பதைக் காட்டிலும், ஒருவர் ஒருவராகத் தனியறைக்கு அழைத்து, காகிதத்தை நீட்டி, "இன்று மாலைக்குள் கையெழுத்திட்டால் தொகை உண்டு, நாளையென்றால் அதுவும் இல்லை" என்று கூறுவது சில நிருவாகங்களுக்கு எளிதாக இருக்கிறது. அந்த அறையில் தொழிலாளி இழப்பது வேலையை மட்டுமா? வழக்காடும் வலிமையையும் சேர்த்தல்லவா இழக்கிறார்!

சட்டம் தருவது என்ன? 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953 இல் சேர்க்கப்பட்ட ஆட்குறைப்பு விதிகள் நெடுங்காலம் நமக்குக் கேடயமாக இருந்தன. அச்சட்டத்தின் இடத்தில் 2020 ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்வதானால், காரணம் காட்டி ஒரு மாத எழுத்து அறிவிப்புத் தரவேண்டும், அல்லது அம்மாத ஊதியத்தைத் தரவேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாக அளிக்கவேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேறுவார் என்பது பொதுநெறி. அதை மீறினால் காரணத்தைப் பதிவு செய்தாகவேண்டும். ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால், நீக்கப்பட்டோருக்கே முதலுரிமை. மறுதிறன் பயிற்சிக்கென மேலும் 15 நாள் ஊதியம், 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வரவேண்டும்.

கொடுத்த கை பறித்ததும் உண்டு. ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் 100 தொழிலாளர் இருந்தாலே அரசின் முன் அனுமதியின்றி ஆட்குறைப்புக் கூடாது என்பது பழைய சட்டம். அந்த எல்லை இன்று 300 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. 299 பேர் உள்ள ஆலையின் தொழிலாளிக்கு அந்த மதில் இடிந்துவிட்டது. மதில் உள்ள இடத்திலும் விழிப்பு வேண்டும். விண்ணப்பித்த 60 நாட்களுக்குள் அரசு பதில் கூறாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். முன் அனுமதி கோரும் பழைய விதி செல்லும் என்று 1992 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது மதுரை மீனாட்சி ஆலைத் தொழிலாளர் வழக்கில்தான். அனுமதி விசாரணையில் தொழிலாளர் தரப்பும் கேட்கப்படவேண்டும். அந்த உரிமையைச் சங்கம் உறங்கிக் கழித்தால் யாரை நோவது?

பிரிட்டனில், 90 நாட்களுக்குள் 20 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ நீக்கக் கருதும் முதலாளி, முதல் நீக்கத்துக்கு 30 நாட்களுக்கு முன்பே தொழிலாளர் பிரதிநிதிகளுடன் கலந்தாய்வு தொடங்கவேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ என்றால் 45 நாட்கள். உடன்பாடு காணும் நோக்கத்தோடு பேசவேண்டும் என்பதும் அங்குச் சட்டம். நம் நாட்டில் அத்தனை தெளிவான கடமை இல்லை. எனினும் பிடித்து ஏறப் படிகள் உண்டு. ஆட்குறைப்புக்கு வழிகோலும் இயந்திரமயமாக்கல் போன்ற மாற்றங்களுக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், அரசு ஆணையிட்டால், இருதரப்பாரும் அமரும் பணிக்குழு அமைக்கவேண்டும். தகராறு எழுப்பிச் சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடியும்வரை தகராறுக்குரிய பொருளில் பணிநிலையைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுதல் கூடாது. முந்திக்கொள்வதன் பயன் இதுவே.

கூடிப் பேசுவதால் என்ன விளையும் என்போருக்கு மறைமலைநகர் விடை கூறும். ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் தன் இந்திய உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அங்குள்ள தொழிலாளர் நிருவாகம் சொன்ன தொகையை அப்படியே ஏற்றுவிடவில்லை. 2022 மே இறுதியில் போராட்டத்தில் இறங்கினர். பேச்சு பல சுற்று நடந்தது. இறுதியில் பணியாண்டு ஒன்றுக்கு நூறு நாள் ஊதியத்துக்கும் மேற்பட்ட கணக்கில் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடப்பட்டது உண்மை. ஆனால் சட்டத்தின் 15 நாளையும் அந்த உடன்பாட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடையிலுள்ள தொலைவே சங்கத்தின் மதிப்பு!

ஆகவே தோழர்களே, செய்யவேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பணி ஆணை, சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதி எண் ஆகியவற்றை இன்றே வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வாயில் அடைபட்ட பின் அவை கிட்டா.

இரண்டாவது, எத்தனை பேர், எந்தப் பிரிவு, என்ன காரணம், எந்த அளவுகோல் என்பனவற்றைச் சங்கத்தின் வழியே எழுத்தில் கேளுங்கள். பணிமூப்புப் பட்டியலைக் கேளுங்கள்.

மூன்றாவது, மாற்று வழிகளை நீங்களே முன்வையுங்கள். கூடுதல் நேர வேலையை நிறுத்தலாம். வேறு பிரிவுக்கு மாற்றலாம். புதிய இயந்திரத்தில் பயிற்சி தரலாம். ஒப்பந்தத் தொழிலாளியைப் பலிகொடுத்து நிரந்தரத் தொழிலாளி தப்பலாம் என்ற வாதத்துக்கு மட்டும் இணங்காதீர்கள். இன்று அவர், நாளை நீங்கள்.

நான்காவது, பேச்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பெழுதி இருதரப்பும் கையொப்பமிடச் செய்யுங்கள்.

ஐந்தாவது, தனியறைக்குத் தனியே செல்லாதீர்கள். சென்றே ஆகவேண்டுமானால், "படி ஒன்று தாருங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தோடு திரும்புங்கள்.

கணினித் துறைத் தோழர்களுக்கும் ஒரு சொல். 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தன் ஊழியரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. குளிரூட்டிய அறையில் அமர்ந்து ஆங்கிலப் பதவிப் பெயர் தாங்கியிருப்பதால் நாம் தொழிலாளியல்லர் என்று எண்ணாதீர்கள். நிருவாகப் பொறுப்பிலிருப்போரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரும் சட்டம் சொல்லும் தொழிலாளி அல்லர் என்பது மெய். எனினும் அதைத் தீர்மானிப்பது நீங்கள் உண்மையிற் செய்யும் வேலையின் தன்மையே. அட்டையிலுள்ள பட்டம் அன்று.

பேனா உங்கள் கையில் இருக்கும்வரை பேரமும் உங்கள் கையில் இருக்கிறது. இன்று மாலை உங்கள் பிரிவுக்குச் செல்லுங்கள். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரிடம், "அழைப்பு வந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், சங்கத்துக்குச் சேர்ந்தே போவோம்" என்று கூறுங்கள். அணை கோல முதற்கல் அதுவே!