112 அடி மனு: இரட்டைமலை சீனிவாசனும் நம் தொழிற்பேட்டையும்



இரட்டைமலை சீனிவாசனை நாம் பெரும்பாலும் ஒரு படமாகத்தான் வைத்திருக்கிறோம். 1930 இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு கலந்துகொண்ட முதியவர். ஜூலை 7 வந்தால் மாலை போடுகிறோம். இன்று அந்த மாநாட்டுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் முன்னால் போவோம்.

அவர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். மதுராந்தகம் பக்கம் கோழியாளம். அன்று கும்மிடிப்பூண்டியும் அதே மாவட்டம்தான். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். வசவாக எறியப்பட்ட பெயரைத் தலைப்பில் அச்சடித்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்த காலம் அது. சீனிவாசன் எதிர்த்தார். 3,412 கையெழுத்துகளோடு 112 அடி நீள மனு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போனது.

இதற்காக அவரை வெள்ளைக்காரனின் ஆள் என்றவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தை நாம் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. அந்நிய அரசின் மீது அவர் வைத்த நம்பிக்கை அதிகம்தான். ஆனால் அந்த மனுவுக்குள் நாங்கள் வாசிக்கும் கேள்வி வேறு. பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவிடாத ஊரில் தேர்வு வைத்தால், யார் அதிகாரியாக வருவார்? நிலத்துக்கும் கிணற்றுக்கும் நாம் யாரிடம் போய் நிற்பது?

பின்னர் சென்னை சட்டமன்ற உறுப்பினராகி, பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் எங்கும் எவரும் செல்லலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். 1925இல் அது அரசிதழில் வந்தது. தாளில் திறந்த சாலையை ஊரில் திறக்க நம் மக்கள் பட்ட அடி உங்களுக்குத் தெரியும்.

இன்று நம் சிப்காட் சாலையில் நடக்க யாரும் தடுப்பதில்லை. கேட் வரை போகலாம். உள்ளே யாருக்கு எந்த வேலை என்பதை ஒப்பந்தக்காரர் தீர்மானிக்கிறார். இடஒதுக்கீடு தனியார் வாசலோடு நின்றுவிடுகிறது. எங்கள் தம்பி ஒருவர், ஐ.டி.ஐ. ஃபிட்டர், வேலை கேட்டுப் போனார். எந்த ஊர் என்றார்கள். சொன்னார். "ஊரா, காலனியா?" என்பது அடுத்த கேள்வி. கிடைத்தது துப்புரவு வேலை. எங்களிடம் வந்து சொன்னபோது, "வேற இடம் பாரு தம்பி" என்றோம். ஒரு மனுகூட எழுதவில்லை. அந்தப் பதிலுக்காக இன்று வெட்கப்படுகிறோம்.

மாணவர்களே, காலனி காலனியாகப் போங்கள். என்ன படித்தார்கள், வாசலில் என்ன கேட்டார்கள், என்ன வேலை கொடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். அஞ்சுகிறவர்களின் பெயரைக் காப்பாற்றுங்கள். நிரந்தரப் பணியிலும் ஒப்பந்தப் பணியிலும் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிடச் சொல்லி அரசிடம் மனு கொடுப்போம். செல்போன் இல்லாத காலத்தில் 3,412 கையெழுத்து சேர்ந்தது, நம்மால் முடியாதா?

முதல் கையெழுத்து அந்தத் தம்பியுடையது. கேட்டோம், போடுகிறேன் என்றார்.

ஜெய்பீம்.