வட்டக்கோட்டையில் ஒரு கேள்வி



வட்டக்கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இரண்டு கேள்வி நிச்சயம். "பேரு வட்டக்கோட்டை, ஆனா வட்டமா இல்லையே? இதைக் கட்டுனது யாருப்பா?"

உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "வீட்டுல போய்ப் புத்தகத்துல பாப்போம் மக்கா" என்று சொல்லுங்கள். இரவு, சேர்ந்து உட்கார்ந்து புரட்டுங்கள். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய், பிறகு அதே மன்னரின் படைக்கு ஆசானாகி, இந்தக் கோட்டையையும் பலப்படுத்திய கதை வரும். பிடிபட்டவர் எப்படி ஆசானானார்? அது அடுத்த புத்தகத்துக்கான கேள்வி. உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனோடு தமிழும் உண்டு. பிள்ளையையே எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

சின்னஞ்சிறுசுகளுக்குப் போர்க்கதை வேண்டாம். 1876இல் தேரூரில் பிறந்த கவிஞர் கவிமணி இருக்கிறாரே! அவர் குழந்தைப் பாடல்களை, பிள்ளையை மடியில் வைத்துச் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். ஒரே பாட்டைப் பத்துத் தடவை கேட்பார்கள், சலிக்காமல் படியுங்கள். அப்பா கைபேசியைத் தடவிக்கொண்டே "படி, படி" என்று அதட்டினால், பிள்ளையும் கைபேசியைத்தான் கேட்கும்.

இந்த வாரம் ஊர் நூலகத்தில் பிள்ளையையும் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும்.