பால்கானும் பழைய கதிரையும்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஊரிலை துலாவாலை தண்ணி அள்ளினம், உலக்கையாலை மா இடிச்சம். ஒருத்தரும் அதை உடற்பயிற்சி எண்டு சொல்லேல்லை. இங்கே ஐசலினில் குழாயும் காரும் அந்த வேலையைச் செய்யுது. பனிக்காலம் முழுக்க அம்மா அப்பாமார் வீட்டுக்குள்ளேயே இருக்கினம். எங்கடை ஆக்களுக்கு, அதிகம் பருக்காத உடம்பிலும் நீரிழிவு வரும். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது மெலிஞ்சால் சீனி இரத்தத்திலேயே தங்கும்.

அதற்காக ஜிம்முக்குக் காசு கட்ட வேண்டாம். ஒரு கலன் பால்கானைக் கழுவித் தண்ணி நிரப்பினால் 8 றாத்தலுக்குச் சற்று மேலே. கைபிடியும் இருக்கு. கால்வாசியில், 2 றாத்தலோடை தொடங்குங்கோ. மூடியை இறுக்கிப் பூட்டுங்கோ. கம்பளம் நனைஞ்சால் வீட்டுக்காரர் சும்மா விடார்! பிள்ளையளின்ரை பழைய புத்தகப் பையிலை 5 றாத்தல் அரிசி போட்டு, முதுகிலை கொழுவிப் படியேறலாம். மூச்சை அடக்காதேங்கோ. இன்சுலின் போடுறவை முதலில் வைத்தியரைக் கேளுங்கோ, சீனி சடுதியாகக் குறையலாம். கிழமைக்கு 2 நாளாவது செய்யுங்கோ.

வயது போனவைக்குக் கதிரையே போதும். சில்லு இல்லாத கதிரையைச் சுவரோடை ஒட்டி வைச்சு, கையூன்றாமல் 10 தரம் எழும்பி இருக்க வேணும்.

எங்கை, இப்பவே எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ பாப்பம்.