கப்பலில் யார் எங்கே படுத்தார்கள்



எந்தப் பெரியவரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அவர் துறைமுகத்தில் கணக்கெழுதியவர். கப்பலில் ஏறிய மூட்டைக்கும் இறங்கிய ஆளுக்கும் வரி பிசகாமல் கணக்கு வைத்தவர். அவர் பெயரால் பேச அழைப்பு வந்ததும், கப்பலைப் பற்றித்தான் பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். கப்பலின் வேகம், அழகு, விபத்து இவற்றைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். அதில் யார் எந்த இடத்தில் படுத்து உறங்கினார்கள் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

எடுத்துக்கொண்ட கப்பல் ‘ஒலிம்பிக்’. பெல்பாஸ்ட் நகரில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் கட்டப்பட்டு, 1911 ஜூன் 14 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்கிற்கு முதல் பயணம் போனது. அதே வரைபடத்தில் சிற்சில மாற்றங்களோடு அடுத்து வந்ததுதான் நீங்கள் எல்லோரும் அறிந்த ‘டைட்டானிக்’. அது புறப்பட்டது 1912 ஏப்ரல் 10. இரண்டும் 882 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளம். அறைகளின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனவர்களுக்குக் கப்பலின் கணக்கு உடனே புரியும். நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், அலை தூக்கித் தூக்கிப் போடும். நங்கூரச் சங்கிலியின் இரைச்சலும் அங்கேதான். பின்பக்கத்தில் சுழலியின் அதிர்வு எலும்புவரை வரும். மேலே போகப் போகக் காற்றும் வெளிச்சமும் கூடும். எனவே நடுவும் மேலும் முதல் வகுப்புக்கு. இரண்டு முனைகளும் கீழ்த்தளங்களும் மூன்றாம் வகுப்புக்கும் தொழிலாளருக்கும். ஒருவர் படுத்த இடத்தைச் சொன்னால், அவர் கொடுத்த காசையோ வாங்கிய கூலியையோ சொல்லிவிடலாம்.

முதல் வகுப்பை விரைவாகக் கடந்துவிடுகிறேன். அதைப் பற்றி எழுத்துக்குப் பஞ்சமில்லை. டைட்டானிக்கின் ‘பி’ தளத்தில் இரண்டு சிறப்புத் தொகுதிகள் இருந்தன. படுக்கையறைகள், வரவேற்பறை, குளியலறை, கூடவே தனக்கென்று ஓர் உலாவுமிடம். அவற்றில் ஒன்றில் சார்லட் கார்டெசா என்ற அமெரிக்கச் சீமாட்டி மகனோடும் பணியாளர்களோடும் பயணம் செய்தார். டிக்கெட் 512 பவுன், 6 ஷில்லிங். அதே கப்பலில் கரி தள்ளிய ஒரு ஃபயர்மேனுக்கு மாதச் சம்பளம் 6 பவுன். ஏழு ஆண்டுக்குச் சற்று மேல் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் அந்த ஒரு பயணத்துக்கு ஆகும். கப்பல் மூழ்கியபோது அந்த அம்மையார் உயிர் பிழைத்தார். மூழ்கிப்போன 14 டிரங்குப் பெட்டிகளுக்குள் என்னென்ன இருந்தன என்று உருப்படி உருப்படியாக எழுதி, 1,77,000 டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டார். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவேன்.

இனி மூன்றாம் வகுப்பு. அதற்கு முந்தைய காலத்தில் குடிபெயர்ந்து போகிறவர்களைக் கப்பலின் அடிவயிற்றில் ஒரே பெரிய கூடத்தில் அடைத்துக் கொண்டுபோனார்கள். பலகை அடித்துப் படுக்கை செய்வார்கள். அமெரிக்காவில் ஆளை இறக்கியதும் பலகையைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் சரக்கேற்றித் திரும்புவார்கள். ஒலிம்பிக் காலத்துக்குள் இது பெருமளவு மாறிவிட்டது. முன்பகுதியில் ஒரு திறந்த கூடம் மிஞ்சியிருந்தாலும், பெரும்பாலோருக்குக் கதவு வைத்த அறை கிடைத்தது. இரண்டு பேர், நான்கு பேர், ஆறு பேர் படுக்கும் அறைகள். ரயில் பெர்த் போல ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில். வெள்ளை வண்ணம் பூசிய பலகைச் சுவர். மின்விளக்கு. போர்வையில் கப்பல் நிறுவனத்தின் நட்சத்திரச் சின்னம். அயர்லாந்தின் மண்குடிசையிலிருந்தும் சிரியாவின் மலையூர்களிலிருந்தும் வந்தவர்களில் பலர் மின்விளக்கின் கீழ் படுத்தது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும். ஆனால் குளிக்கும் தொட்டி ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்பில் போனவர்கள் ஏறக்குறைய 700 பேர்.

தனியாக வந்த ஆண்களுக்கு அணியத்தில் இடம். தனியாக வந்த பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் பின்பக்கம். இடையில் கப்பலின் முழு நீளம். அண்ணன் ஒரு முனையில், தங்கை மறுமுனையில். மூன்றாம் வகுப்பைப் பிற வகுப்புகளிலிருந்து கதவும் கம்பித் தடுப்பும் வைத்துப் பிரித்ததற்கு அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும் ஒரு காரணம். நோய் பரவும் என்ற அச்சம். முதல் இரண்டு வகுப்பாரைக் குடியேற்ற அதிகாரிகள் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பார் மட்டும் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் வரிசையில் நிற்க வேண்டும்.

இந்த முன்னேற்றத்தை நிறுவனத்தாரின் இரக்கம் என்று நான் கருதவில்லை. முன்பே போய்ச் சேர்ந்தவர்கள்தான் பல சமயம் ஊரில் இருக்கும் தம்பிக்கும் மனைவிக்கும் அமெரிக்காவிலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள். எந்தக் கப்பலில் சோறு சுமார், எதில் படுக்கை ஈரம் என்று கடிதத்தில் எழுதினார்கள். அந்தக் கடிதங்களுக்கு நிறுவனங்கள் பயந்தன. ஏழைகள் எழுதிய கடிதம் கூடத்தை அறையாக மாற்றியது என்றே சொல்வேன்.

கரித் தொழிலாளருக்குக் கடிதம் எழுதி மாற்ற ஒன்றுமில்லை. கப்பலில் 29 கொதிகலன்கள், 159 உலைகள். ஒரு நாளைக்குச் சுமார் 600 டன் நிலக்கரி. அத்தனையும் மண்வெட்டியால். கரியைக் கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுகிறவர் டிரிம்மர். உலைக்குள் எறிகிறவர் ஃபயர்மேன். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம். இவர்கள் படுத்தது அணியத்தில், கூட்டம் கூட்டமாக அடுக்குக் கட்டில் போட்ட கூடங்களில். கொதிகலன் அறைக்குப் போக அவர்களுக்கென்றே இரண்டு இரும்புச் சுழற்படிகள். அவை இறங்கும் இடத்திலிருந்து கப்பலின் அடியில் ஒரு சுரங்கப் பாதை. கரி படிந்த முகம் பயணிகள் கண்ணில் படாமலே வேலைக்குப் போய்த் திரும்பலாம். கப்பலை ஓட்டியவர்கள் அந்தக் கப்பலின் மேல்தளத்தை ஒரு முறைகூடப் பார்க்காமலே பல பயணம் முடித்திருக்கக்கூடும். டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய இரவில், சார்லஸ் ஹென்ட்ரிக்சன் என்ற தலைமை ஃபயர்மேன் இந்தச் சுழற்படியிலிருந்துதான் கீழே தண்ணீர் பாய்வதைக் கண்டார்.

பயணிகளுக்குப் பணிவிடை செய்த ஸ்டீவர்ட்களுக்கும் கூடங்கள்தான். ‘இ’ தளத்தில் கப்பலின் நீளத்துக்கு ஓடிய பெரிய நடைவழியை ஊழியர்கள் ‘ஸ்காட்லாண்ட் சாலை’ என்பார்கள். லிவர்பூலில் உழைப்பாளிகள் வாழ்ந்த ஒரு தெருவின் பெயர் அது. இந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதியவர்களில் வயலட் ஜெசப் முக்கியமானவர். அர்ஜென்டினாவில் அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, ஒலிம்பிக், டைட்டானிக், மூன்றாவதாக வந்த பிரிட்டானிக் மூன்றிலும் வேலை பார்த்தவர். மூழ்கிய இரண்டிலிருந்தும் தப்பியவர். வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ், ஊழியர் தங்குமிடத்தைச் சீராக்க ஊழியர்களிடமே யோசனை கேட்டார் என்று நன்றியோடு எழுதுகிறார். படுப்பவரைக் கேட்டுப் படுக்கை அமைத்த அந்த ஒரு செயலுக்காகவே ஆண்ட்ரூஸை மதிக்கிறேன்.

டைட்டானிக்கில் எட்டு இசைக்கலைஞர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டாம் வகுப்புப் பயணிகள் என்ற கணக்கில் டிக்கெட்டும் அறையும். எட்டுப் பேரும் இறந்தார்கள். தங்கள் ஊழியர் அல்லர் என்று கப்பல் நிறுவனம் கைவிரித்தது. குடும்பத்தார் தொடுத்த இழப்பீட்டு வழக்கும் நிற்கவில்லை.

அறையின் அளவைச் சட்டமும் வகுத்தது. 1906ஆம் ஆண்டு பிரித்தானிய வணிகக் கப்பல் சட்டம், ஒரு மாலுமிக்கு 120 கன அடி இடம் வேண்டும் என்றது. பி அண்ட் ஓ போன்ற நிறுவனங்களின் கப்பல்களில் கொங்கணம், குஜராத், சில்ஹட், கோவா பகுதிகளிலிருந்து போன அன்றைய இந்திய மாலுமிகளை ‘லஸ்கர்’ என்பார்கள். செராங், பண்டாரி என்ற பதவிப் பெயர்களெல்லாம் அவர்களுடையவை. 1914 வாக்கில் பிரித்தானிய வணிகக் கப்பல் ஊழியர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் லஸ்கர். அந்த 120 கன அடி இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களுக்கு 36 கன அடி. நீளம் 6 அடி, அகலம் 2 அடி, உயரம் 3 அடி என்று பெருக்கிப் பாருங்கள். ஒருவர் படுக்கலாம், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். கடலின் உப்பு இரண்டு தோலுக்கும் ஒன்றுதான். இந்தக் கணக்கை எழுதிய கையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்த 14 பெட்டிப் பட்டியலுக்கு வருகிறேன். டைட்டானிக்கில் முதல் வகுப்பில் பத்தில் ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நான்கில் ஒருவர். லண்டனில் நடந்த விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை. அமெரிக்க விசாரணையில் மூன்று பேர் பேசினார்கள். அதனால்தான் கீழ்த்தளத்தில் அன்றிரவு நடந்ததில் கொஞ்சமாவது தெரிகிறது. ஒலிம்பிக் 1935இல் ஓய்வுபெற்று ஜாரோவில் உடைக்கப்பட்டபோது, முதல் வகுப்பு ஓய்வுக்கூடத்தின் செதுக்குப் பலகைகளை ஏலத்தில் எடுத்தார்கள். அவை இங்கிலாந்தின் ஆனிக் ஊரில் ஒயிட் ஸ்வான் விடுதியின் சுவரில் இன்றும் பளபளக்கின்றன. ஃபயர்மேன் படுத்த கூடத்தின் புகைப்படம் கிடைப்பதே அரிது. மேலே படுத்தவர்களின் பெட்டிக்குள் இருந்த கையுறை வரை நமக்குத் தெரியும். கீழே படுத்தவர்களின் கனவு தெரியாது.

நம் கரையிலும் இதே கதைதான். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேல் தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணிக்கு அறை கிடையாது, பாய்தான் அறை. என் தாய்வழிப் பாட்டனார் அதில் போனவர். ஏறியவுடன் ஓடிப்போய்ப் பாயை விரித்து, நான்கு மூலையிலும் நான்கு சாமானை வைத்துவிட வேண்டும் என்பார். மூலைக்கு வைத்த சாமான்களில் ஒன்று ஊறுகாய் ஜாடி. அவர் இதைச் சொன்னபோது நான் சிறுவன். எழுதி வைக்கவில்லை. மற்ற மூன்று சாமான்கள் என்ன என்று கேட்கவும் இல்லை.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் வீட்டில் ரஜுலாவில் போன ஒருவர் இருந்திருப்பார். பரண்மேல் அந்தத் தகரப் பெட்டி கிடக்கலாம். பெயரும் ஊரும் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கலாம். போனவரையோ, அவரிடம் கேட்ட பிள்ளைகளையோ உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். எங்கே படுத்தார்கள், தலைக்கு எதை வைத்தார்கள், பக்கத்துப் பாயில் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு படி கொடுத்து வையுங்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.