கிணறு கரித்தால் கவனியுங்கள்



"எங்க தாத்தா காலத்துல இளநீர் மாதிரி இருந்த தண்ணிங்க, இப்ப வாயில வைக்க முடியலே!" கடலோரக் கிராமங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கிணறு கரித்தால் நாம் உப்பைத்தான் நினைக்கிறோம். ஆனால் கடல் தண்ணீர் உள்ளே வரும்போது உப்போடு புரோமின், அயோடின் என்ற இரண்டும் சேர்ந்து வருகின்றன.

ஒரு லிட்டர் கடல் நீரில் குளோரைடு சுமார் 19 கிராம், புரோமைடு சுமார் 65 மில்லிகிராம் உண்டு. அயோடின் அந்த புரோமைடில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். நூறு குடத்துக்கு இரண்டு குடம் கடல் நீர் கலந்தாலே குளோரைடு 380 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீரில் 250-க்குள் இருப்பதே நல்லது.

கடல் ஏன் உள்ளே வருகிறது? மணற்பாங்கான கரையோரத்தில் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்புத் தண்ணீரை அழுத்தி வைத்திருக்கும். இராப்பகலாக மோட்டார் ஓட்டி அந்த 1 அடியைக் குறைத்தால், நாளடைவில் கீழிருந்து 40 அடி உப்பு ஏறி வரும்! சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்திருப்பதை 1969-லேயே கண்டார்கள். பிறகு அது பல கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. ஆகவே கரையோரத்தில் பம்புசெட் வைத்திருப்பவர்கள் விட்டு விட்டு இறையுங்கள். உங்கள் மோட்டார் பக்கத்து வீட்டுக் குடிதண்ணீரையும் சேர்த்துத்தான் இறைக்கிறது.

சரி, கரித்த கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் என்ன ஆகும்? அதிலுள்ள குளோரின் புரோமைடைக் கிளப்பிவிடும். கிணற்றில் அழுகிக் கிடக்கும் இலை தழையோடு அது சேர்ந்து புரோமோஃபார்ம் போன்ற வேண்டாத பொருள்கள் உண்டாகும். அயோடின் இருந்தால் ஆஸ்பத்திரி வாடை அடிப்பதும் உண்டு.

"அப்படீன்னா பவுடரே வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அது பெருந்தப்பு. காலரா ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். இந்தப் பொருள்களோ வருஷக்கணக்கில் அதிகமாகக் குடித்தால்தான் கவலை. பவுடரை நிறுத்தாதீர்கள், குப்பையை நிறுத்துங்கள். தூர் வாருங்கள், மரம் கவிந்திருந்தால் கிணற்றுக்கு வலை போடுங்கள்.

பவுடரையும் அள்ளிக் கொட்டக் கூடாது. தெளிந்த தண்ணீரானால் 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் போதும். 2 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 9,400 லிட்டர். 24 கிராம் போடலாம். வாளியில் பவுடரைக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. இராத்திரியில் செய்வது சௌகரியம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இந்தக் கணக்குப் போதாது. சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்கள்.

காய்ச்சினால் கரிப்புப் போகுமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். போகாது. கிருமி சாகும், தண்ணீர் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்து குளோரைடு பாருங்கள். அது வருஷா வருஷம் ஏறினால், குடிக்க வேறு கிணறு தேட வேண்டியதுதான்.

இன்னொன்று. "எங்க தண்ணியே உப்பு, அயோடின் உப்பு எதுக்கு?" என்கிறார்கள் சிலர். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. நூற்றுக்கு ஐந்து பங்கு கடல் நீர் கலந்து, குடிக்கவே முடியாமல் போன தண்ணீரிலும், கடலிலிருந்து வந்த அயோடின் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம்தான். உப்பளத்துக் கல்லுப்பிலும் அயோடின் நிற்பதில்லை. அது குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியும் கெடும். ஆகவே அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். ஈரக் கை படாமல், வெயில் படாமல் மூடி வையுங்கள். குழம்பு இறக்கும் சமயத்தில் போட்டால் அயோடின் அவ்வளவாக வீணாகாது.